ஒரு நாள் முன்னால் வந்து சொல்கிறவள்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வெளியே பதினெட்டு வருஷம் சைக்கிள் ஸ்டாண்டு நடத்தினேன். வருகிறவர்களின் பெயர் எனக்கு ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை. சைக்கிளைத் தெரிந்தால் போதும். மட்கார்டு ஆடுகிற சைக்கிள், பெல் இல்லாமல் வாயால் சத்தம் போடுகிறவனின் சைக்கிள், சீட்டுக்குப் பாலிதீன் பை மாட்டின சைக்கிள். செயின் உரசுகிற சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்க்காமலே டோக்கனை எடுத்து நீட்டுவேன். எனக்கு எழுத்து வராது. இதையும் நான் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். அதனால் எல்லாவற்றையும் ஞாபகத்திலேயே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

நான் சொல்லப்போகிற அம்மாவின் சைக்கிள் பார் வைத்த ஆம்பளை சைக்கிள். பாரில் பழைய சட்டைத் துணியைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருக்கும். புடவைக்காரி ஒருத்தி அதில் ஏறி இறங்குவது லேசான காரியமில்லை. அவள் காலைத் தூக்கிப் போடமாட்டாள். சைக்கிளை ஒரு பக்கமாகச் சாய்த்து, பாருக்கு மேலே ஒரு காலை மட்டும் நுழைத்து, உந்தி ஏறிவிடுவாள். எங்கேயோ விழுந்து எழுந்து கற்றுக்கொண்ட வித்தை என்று பார்த்தாலே தெரியும்.

காலை ஐந்தே முக்காலுக்கு வந்து சைக்கிளை விட்டுவிட்டு அத்திப்பட்டுப் பக்கம் ஒரு குடோன் கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போவாள். சாயங்காலம் ஏழு மணி வண்டியில் திரும்புவாள். சிப்காட் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாளில் சாயங்காலத்துக்குள் எல்லா சீட்டிலும் கரித்தூள் படிந்துவிடும். நான் ஒரு துணி வைத்திருப்பேன். கேட்டால் துடைத்துக் கொடுப்பேன், சிலர் ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுப்பார்கள். அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. உள்ளங்கையால் துடைத்து, கையைச் சுவரில் தேய்த்துவிட்டு ஏறிப் போய்விடுவாள். ஸ்டாண்டுச் சுவரில் அவள் கை தேய்த்த இடம் கறுப்பாக இருந்தது. வெள்ளை அடித்த பிறகும் இருந்தது.

அவள் என்னிடம் முதன்முதலாகப் பேசினது ஒரு மாசம் நாலாம் தேதி. மாசப் பாஸ் பணத்தை ஐந்தாம் தேதிக்குள் கொடுக்கவேண்டும் என்பது ஸ்டாண்டு ஏற்பாடு.

"நைனா, நாளைக்கு அஞ்சாம் தேதி."

"ஆமாம்மா."

"நாளைக்கு எங்கிட்ட டப்பு இருக்காது. பன்னண்டாம் தேதி தரேன்."

"அத நாளைக்குச் சொல்லேன். இன்னிக்கே இன்னாத்துக்கு?"

"நாளைக்குச் சொன்னா அது சாக்கு நைனா. இன்னிக்கே சொன்னாதான் தகவலு."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பன்னிரண்டாம் தேதி வண்டியை விட்டு இறங்கினதும் நேரே என்னிடம் வந்து பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் சைக்கிள் பக்கம் போனாள்.

பதினெட்டு வருஷத்தில் நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் தேதி ஆனால் கூட்டத்தோடு கூட்டமாகச் சைக்கிளை உருவிக்கொண்டு போகிறவன் உண்டு. என் மாமியார் செத்துப்போனாள் என்று மூன்று மாசம் சொன்னவன் உண்டு. நாலாவது மாசம் அந்த மாமியாரே ஸ்டேஷனில் அவனோடு வந்து இறங்கினாள். ஒருத்தன் பாஸ் பாக்கி ஏறிவிட்டது என்று சைக்கிளையே வேண்டாமென்று விட்டுவிட்டான். அது மழையில் துருப்பிடித்துப் போயிற்று. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பணம் இல்லாதபோது மனுஷனுக்கு முகத்தைக் காட்டப் பிடிக்காது. இவள் ஒருத்திதான், பணம் இல்லையென்றால் முகத்தைக் காட்ட வருகிறவள்.

அது எனக்கு மட்டும் இல்லை என்பது போகப்போகத் தெரிந்தது. அவளுக்கு மூன்று இடத்தில் கடன். நகை அடகுக்கடையில் இருந்தது. பெண்கள் குழுவில் வாங்கின பணம் ஒன்று. அப்புறம் வாராவாரம் வட்டியோடு கட்டுகிற தண்டல். தண்டல் கொடுக்கிற பையன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மார்புக்குக் குறுக்கே பையை மாட்டிக்கொண்டு, ஸ்டேஷன் வாசலில் டீக்கடை, மீன் கூடை என்று ஒவ்வொருவரிடமாக வசூல் செய்துகொண்டு வருவான். சனிக்கிழமை ஏழு மணி வண்டி நேரத்துக்கு என் ஸ்டாண்டில் வந்து உட்காருவான். அவள் இறங்கி வந்து ஐந்நூறு ரூபாய் கொடுப்பாள். அவன் அட்டையில் எழுதிக் கொடுப்பான். குழுவிலிருந்து வருகிற அம்மாவும் அங்கேதான் வந்து வாங்கிக்கொண்டு போவாள். என் ஸ்டாண்டு அவளுக்கு ஆபீஸ் மாதிரி ஆகிவிட்டது.

மாசத்தில் ஐந்து சனிக்கிழமை வந்தால் அவளுக்குப் பெரிய பேஜாரு. வாரக் கணக்கில் போகிற தண்டலுக்கு மாசச் சம்பளம் வாங்குகிறவளின் கஷ்டம் தெரியாது. அந்த மாதிரி மாசத்தில் அவள் வெள்ளிக்கிழமையே டீக்கடை வாசலில் அவனைத் தேடிப் போய்விடுவாள்.

"தம்பி, நாளைக்கு அஞ்சாவது சனிக்கிழமை. வராத. அடுத்த வாரம் ரெண்டா தரேன்."

"யக்கா, ஊரே என்னப் பாத்தா சந்துல பூந்து ஓடுது. நீ ஒருத்திதான் என்னத் தேடிக்கினு வர. எனக்கே பயமா கீது."

"இன்னாத்துக்குப் பயம்?"

"எங்க மொதலாளி, இவன் கலியாணத்துக்குப் பொண்ணு பாக்கறான்னு நெனச்சிக்கப் போறாரு."

"போடா கண்ணாடி" என்பாள். அவ்வளவுதான் அவள் சிரிப்பு.

என் பேரனுக்குக் காது குத்தினபோது ஸ்டாண்டுக்கு வருகிற பத்துப் பேரைக் கூப்பிட்டேன். அவளையும் கூப்பிட்டேன். முந்தின நாள் சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

"நைனா, நாளைக்கு என்னால மொய் வெக்க முடியாது. சாப்புட மட்டும் வரலாமா?"

வாம்மா என்றேன். வந்தாள். மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். இலையில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாள். மொய் எழுதுகிற என் மச்சான் பக்கத்தில் போய், "என் பேரு வேணாங்க, நா நேத்தே சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அவன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி வியப்பான். நாலு மாசம் கழித்து, பேரனுக்கு என்று ஒரு ஜோடிச் செருப்பு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். அதற்குள் பையன் கால் வளர்ந்துவிட்டது. நான் அதைச் சொல்லவில்லை.

கடன்காரர்களை வீட்டுக்கு வரவிடாமல் ஏன் இங்கே வரவழைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. ஒரு மழை நாளில் அவளாகவே சொன்னாள். மழை விடட்டும் என்று தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் கொஞ்சம் உரக்கச் சொல்லவேண்டியிருந்தது.

அவள் வீட்டுக்காரர் ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் ஆள். பழுக்கக் காய்ந்த கம்பி தடம் மாறி வெளியே பாய்ந்து காலில் சுற்றிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முதல் செலவை யாரோ கொடுத்தார்கள். அப்புறம் எல்லாம் கடன். சைக்கிள் அவருடையது. பாரில் சுற்றின துணி, மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளை உட்காரவைத்து ஓட்ட அவர் சுற்றினது.

ஒரு நாள் இவள் வேலைக்குப் போயிருந்தபோது, பழைய கடன் ஒன்றுக்கு ஆள் வந்து வாசலில் நின்று கத்தியிருக்கிறான். அவர் பாயில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். இவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றையிலிருந்து மாத்திரையைப் பாதியாக உடைத்து, ஒரு மாச மாத்திரையை இரண்டு மாசத்துக்கு வைத்துக்கொண்டார். சோற்றையும் குறைத்துக்கொண்டார். கேட்டால் பசியில்லை என்பாராம். புண் மறுபடி பழுத்தது. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி கடன்.

"மாத்திரையில அவரு மிச்சம் பண்ணது அறுநூறு ரூபா நைனா. அதுக்கு நா நாப்பதாயிரம் கட்டிக்கினு கீறேன்."

அதனால் அவள் அவரிடம் ஒரு பொய் சொன்னாள். கடனெல்லாம் தீர்ந்துவிட்டது, தன் அண்ணன் பெரிய மனசு பண்ணிக் கொடுத்துவிட்டான் என்று சொன்னாள். அண்ணனிடமும் சொல்லிவைத்துவிட்டாள். ஆனால் மாசாமாசம் கடனுக்கு ஐயாயிரம் போகவேண்டும். குழுவுக்கு இரண்டாயிரம், தண்டலுக்கு இரண்டாயிரம், நகை வட்டி ஆயிரம். அதை எங்கேயிருந்து எடுப்பது? தனக்குச் சம்பளமே ஒன்பதாயிரம்தான் என்று சொல்லிவிட்டாள். கம்பெனி கொடுத்தது பதினாலாயிரம்.

அந்த ஒன்பதாயிரத்தை அவர்தான் வைத்துக் குடும்பம் நடத்தினார். படுத்த இடத்தில் வேறென்ன வேலை. மகளின் பழைய நோட்டில் கட்டம் போட்டு எழுதுவார். வாடகை, காஸ், கரண்டு, மாத்திரை, ரயில் பாஸ், சைக்கிள் பாஸ். ரேஷன் அரிசிதான் வாரம் முழுக்க, கடை அரிசி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். பால் அரை பாக்கெட். மீன் நூறு ரூபாய் என்று எழுதுவார், மாசக் கடைசியில் அதை அடித்துவிடுவார். பழவேற்காட்டிலிருந்து கூடை கொண்டுவந்து ஸ்டேஷன் வாசலில் விற்கிற அம்மா, மிச்சம் விழுந்த தலையையும் வாலையும் ஏழு மணிக்கு மேல் இவளுக்குச் சும்மா மாதிரி கொடுப்பாள். அவர் கணக்கில் அது வராது. ஒன்பதாயிரத்தில் குடும்பத்தை ஓட்டுகிறேன் பார் என்று அவருக்கு ஒரு பெருமை. எழுந்து நிற்கமுடியாத மனுஷனுக்கு அது ஒன்றுதான் நிமிர்ந்து நிற்க இருந்தது. இவள் அதையும் கெடுக்காமல் பார்த்துக்கொண்டாள். அவர் ஒன்பதாயிரத்தைப் பார்த்துக்கொண்டார், இவள் மிச்சம் ஐயாயிரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

சம்பளச் சீட்டையும் பேங்க் புத்தகத்தையும் வீட்டில் வைக்கமுடியாதே. ஒரு நாள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"நைனா, இத்த உன் டிரங்குப் பொட்டியில வெச்சிக்கறியா?"

டோக்கன் போட்டு வைக்கிற பெட்டி அது. வாங்கி அடியில் வைத்தேன். மாசம் ஒரு சீட்டு வந்து சேரும். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதற்காக என்னிடம் கொடுத்தாளா, நம்பிக் கொடுத்தாளா என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. எப்படியிருந்தாலும் அந்தப் பொய்க்கு நான் காவல்காரன் ஆனேன்.

தினமும் கிளம்புவதற்கு முன் அவர் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். சில நாள் நானே கேட்பேன், "எண்ணினியாம்மா?" என்று. "சரியா கீது நைனா" என்றால் அவள் முகம் கொஞ்சம் தெளிவாக இருக்கும்.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. தண்டல் அட்டை இரண்டு முடிந்து மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஒன்றரை வருஷத்தில் நகையைத் திருப்பிவிடலாம் என்று ஒரு நாள் சொன்னாள். வாயால் சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கெட்டுப்போனது அவர் நல்லது செய்யப்போனதால். மில்லில் இருந்தபோது அவர் கூலிக்காகப் பேசுகிற ஆள். எந்த வேலைக்கு எவ்வளவு தரவேண்டும் என்று அவருக்குத் தெரியும். நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, இந்த விலைவாசியில் பன்னிரண்டு மணி நேரம் வெளியே இருக்கிறவளுக்கு ஒன்பதாயிரம் என்றால் எவனோ ஏமாற்றுகிறான் என்று பட்டிருக்கிறது. சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்டிருக்கிறார். கம்பெனியில் தருவதில்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் திங்கட்கிழமை மனு நாளுக்குத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனபோது, நாலு பக்கம் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டார். என் மனைவிக்குப் பாதிச் சம்பளம்தான் தருகிறார்கள், சீட்டும் தருவதில்லை, விசாரித்து வாங்கித் தரவேண்டும் என்று. அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அவளிடம் சொல்லவில்லை.

எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு சனிக்கிழமை. தண்டல் பையன் வந்து உட்கார்ந்திருந்தான். வண்டி வந்து எல்லாரும் போய்விட்டார்கள். அவள் கடைசியாக வந்தாள். ஐந்நூறைக் கொடுத்தாள். சைக்கிள் பக்கம் போகாமல் என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கையில் மடித்த பேப்பர் ஒன்று. "இத்தயும் பொட்டியில வெய் நைனா" என்றாள்.

"இன்னாம்மா இது?"

சொன்னாள். கம்பெனிக்குத் திருவள்ளூரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. புதன்கிழமை விசாரணை. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். சம்பளம் ஒழுங்காகப் பேங்கில் போடுகிறோம், கம்பெனி பெயரைக் கெடுக்கிறாயா என்று. இவள் அழுதுகொண்டே காரணத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் இரக்கப்பட்டு ஒரு வழி சொல்லியிருக்கிறார். விபத்துக்கு அப்புறம் என் கணவருக்கு மனநிலை சரியில்லை, அவர் எழுதினது எதையும் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று அந்தப் பேப்பரில் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இவள் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்காரர் வரவே வேண்டாம், விஷயம் முடிந்துவிடும். போடாவிட்டால் அவர் வந்து நிற்கவேண்டும், எல்லார் முன்னாலும் பதினாலாயிரம் வெளியே வரும். எதுவும் செய்யாவிட்டால் வியாழக்கிழமையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம்.

"ஒரு கையெழுத்துதான் நைனா. அவருக்குத் தெரியவே தெரியாது. மாத்திரைய ஒழுங்கா முழுங்குவாரு."

நான் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். படிக்கத் தெரிந்திருந்தால் அந்த எழுத்தையாவது பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். எனக்கு அவள் முகத்தைத்தான் பார்க்க முடிந்தது. போட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. பொய் சொல்லவில்லை, வந்தது.

தண்டல் பையன் அட்டையைப் பைக்குள் வைத்தவன் கிளம்பாமல் நின்றான். கண்ணாடியைக் கழற்றினான். அவன் கண்ணை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சின்னப் பையன்.

"யக்கா, ஒன்னு கேக்கட்டா? கோச்சிக்காத. வட்டிக்கு உடற எனக்கே ஒரு நாளு முன்னாடி வந்து சொல்ற. இந்தப் பெருசுக்கு அஞ்சாம் தேதின்னா நாலாம் தேதி சொல்ற. உன் ஊட்டுக்காரருக்கு மட்டும் இன்னாத்துக்கு மூணு வருஷமா சாக்கு சொல்லிக்கினு கீற?"

"உனக்கு இன்னாடா தெரியும்? நீ பேசாத."

"சரி, பேசல. எனக்கு வர வேண்டிய டப்பு வந்துச்சி. நா போறேன்."

போய்விட்டான். அவள் எழுந்து சைக்கிள் சீட்டைத் துடைத்தாள். கையைச் சுவரில் தேய்த்தாள். தேய்த்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு சைக்கிளில் ஏறிப் போனாள். பேப்பர் என்னிடமே இருந்தது. புதன்கிழமை கேட்டு வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வழக்கம்போல வந்துவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை காலை அவள் சைக்கிள் வரவில்லை. சாயங்காலம் ஏழு மணி வண்டி வருவதற்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ வந்து ஸ்டாண்டு வாசலில் நின்றது. அவள் இறங்கினாள். பின்னால் ஒரு ஊன்றுகோல் வந்தது, அப்புறம் அவர் இறங்கினார். நல்ல உயரம். வெள்ளைச் சட்டை போட்டு மேல் பொத்தான் வரை மாட்டியிருந்தார். நாளைக்குத் திருவள்ளூர் போக எடுத்துவைத்த சட்டையாக இருக்கும். மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்தாள்.

அவர் முதலில் சைக்கிளைத்தான் பார்த்தார். குனிந்து செயினைத் தொட்டு விரலைப் பார்த்தார்.

"செயினுக்கு எண்ணெ போடறது கெடையாதா?"

"போடறேன் மாமா."

"எங்க போடற?"

நான் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்தார். இங்கே எதற்குக் கூட்டிவந்தாள் என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நைனா, அந்தப் பொட்டலத்தக் குடு. அந்தப் பேப்பரையும்."

டோக்கனை எல்லாம் கீழே கொட்டிவிட்டு எடுத்துக் கொடுத்தேன். கவரை அவர் மடியில் வைத்தாள். "நாளைக்கு அங்க எவனோ காட்டறதுக்கு முன்னாடி நீயே பாத்துடு மாமா" என்றாள்.

அவர் ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் படித்தார். டியூப்லைட் பக்கமாகத் தூக்கிப் பிடித்துப் படித்தார். படித்ததைத் தொடையில் வைத்து நேராக அடுக்கினார். ஏழு மணி வண்டி வந்தது. ஜனங்கள் வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் டோக்கன் வாங்கிக்கொண்டிருந்தேன், ஆனால் காது இங்கேதான் இருந்தது. டீக்கடையில் நின்றிருந்த தண்டல் பையன் இவர்களைப் பார்த்துவிட்டு மெதுவாக வந்து ஓரமாக நின்றான்.

கடைசிச் சீட்டையும் படித்துவிட்டு அவர் சொன்னார்:

"மீனு வாணாம்னு அடிச்சேன். உன் செருப்ப அடிச்சேன், ரெண்டு வாட்டி. பாப்பாவுக்கு டியூசன அடிச்சேன். ஒம்பதாயிரத்துல ஓட்டறேன்னு உங்க அண்ணங்கிட்ட பெருமையா பேசினேன். அவன் கேட்டுக்கினு கம்முனு இருந்தான். அவனுக்கும் தெரியும், இல்ல?"

அவள் கீழே கொட்டின டோக்கனைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள்.

"எல்லாருக்கும் தெரியும். இந்தப் பெரியவருக்குத் தெரியும். நா மட்டும் நோட்டுல கட்டம் போட்டுக்கினு இருந்தேன்."

"சொன்னா நீ மாத்திரைய ஒடைப்ப."

"ஒருவாட்டி ஒடைச்சேன்."

"அந்த ஒருவாட்டிதான் மாமா இதெல்லாம்" என்று அவர் தொடையில் இருந்த சீட்டுகளைக் காட்டினாள். அவள் குரல் உயரவில்லை.

பிறகு அவர் அந்த மடித்த பேப்பரை எடுத்தார். அதைப் படிக்க வெகு நேரம் ஆயிற்று. நாலு வரிதான் இருக்கும்.

"கையெழுத்து போட்டியா?"

"கீழ பாரு."

"போட்டிருந்தா?"

"போட்டிருந்தா உன்ன இங்க இட்டாந்திருக்க மாட்டேன்."

அவர் அதை மடித்து வெள்ளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகள் சைக்கிள் பாரில் சுற்றின துணியில் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "அத்தப் பிரிக்காத பாப்பா" என்றார். பிறகு தண்டல் பையனைப் பார்த்தார்.

"நீ யாரு தம்பி?"

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "தண்டல்ணா" என்றான்.

"இன்னும் எவ்ளோ?"

சொன்னான். அட்டையை எடுத்துக் காட்டினான். அவர் வாங்கி வாரத்தை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சனிக்கெழம எங்க வருவ?"

"இங்கதாண்ணா. யக்கா இங்கதான் வரச் சொல்லும்."

"இனிமே ஊட்டுக்கு வா. நா ஊட்லதான் கீறேன்."

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டினார். ஊன்றுகோலை எடுத்து எழுந்து நின்றார். ஆட்டோ வரைக்கும் யாரையும் பிடிக்கவிடவில்லை.

புதன்கிழமை திருவள்ளூர் போய், மனுவில் எழுதினது தப்பு, விவரம் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாராம். ஆபீசர் படித்துவிட்டு, நல்லாத்தான்யா எழுதியிருக்கீங்க, என்றாராம். வேலை போகவில்லை. ஆனால் கம்பெனியில் அவளைப் பேக்கிங்கிலிருந்து மூட்டை இறக்குகிற பக்கம் மாற்றிவிட்டார்கள், ஓவர்டைமும் நின்றுபோயிற்று. நகையைத் திருப்புகிறது இன்னும் தள்ளிப்போயிற்று. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மாசம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை என்று மீன்கார அம்மா சொன்னாள். அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ரெண்டு மீன் தலை குடுன்னு கேட்கறவ ஒன்னு போதுங்கறா, என்றாள்.

அதற்கப்புறம் அவள் ஸ்டாண்டில் நின்று பேசுவது குறைந்துவிட்டது. குழு அம்மாவும் வருவதில்லை. பெட்டியில் அவளுடைய பொட்டலம் இருந்த இடத்தில் வெறும் டோக்கன். வண்டியை விட்டு இறங்கினதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஒரு நாள் வழக்கம்போல, "எண்ணினியாம்மா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். மறுபடி பாதியாக உடைக்க ஆரம்பித்துவிட்டாரோ என்று நினைத்தேன். மேலே கேட்கவில்லை.

அந்த மாசத்திலேயே ஒரு வெள்ளிக்கிழமை. தண்டல் பையன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"பெருசு, இத்தக் கேளு. இப்பதான் போன் வந்துச்சி."

"யாரு?"

"யக்கா ஊட்டுக்காரரு. தம்பி, நாளைக்கு அஞ்சாவது சனிக்கெழம, கையில டப்பு இல்ல. வராத. திங்கக்கெழம வா, மாத்திர வாங்கினது போவ இருக்கறதத் தரேன்னாரு. மாத்திர முழுசா வாங்கினேன்னு ரெண்டு வாட்டி சொன்னாரு. நா எங்க அத்தக் கேட்டேன்?"

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டீயைக் குடித்தான். ஏழு மணி வண்டி கவரைப்பேட்டையை விட்டிருக்கும். அன்றைக்குச் சிப்காட் பக்கமிருந்துதான் காற்று. நான் எழுந்து துணியை எடுத்துக்கொண்டு போய், அந்தப் பார் வைத்த சைக்கிளின் சீட்டைத் துடைத்து வைத்தேன்.